வேணாம் என்றொரு உறைவாளர்

அந்த நகரத்தில் மனிதன் தங்க இடம் தேடினால் ஒரு அடையாள அட்டையும் ஒரு கொட்டாவியும் போதும், அறைச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நாய் தங்க இடம் தேடுவதுதான் கல்லில் நார் உரிக்கிற வேலை. மச்சினியின் கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்வரை இந்த உண்மை நம் லிஃப்ட்காரருக்குத் தெரியாது.

லிஃப்ட்காரர் என்றால் உள்ளே நின்று பொத்தானை அமுக்குகிறவர் இல்லை. கெட்டுப்போனால் ரிப்பேர் செய்கிறவர். ஊரில் எந்த லிஃப்ட் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்று மக்கர் பண்ணினாலும் அவருக்குத்தான் போன் வரும். முதலில் படிக்கட்டில் நின்று, சிக்கிக்கொண்டவருக்குக் கேட்கும்படி, "பயப்படாதீங்க, வந்துட்டேன்!" என்று ஒரு சத்தம் போடுவார். பத்து மாடிக்கும் கேட்கும். தொழிலில் பாதி அந்தத் தொண்டைதான்.

ஆனால் அவ்வளவு பெரிய தொண்டையில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் வராது. 'வேணாம்' என்ற வார்த்தை. லிஃப்டைச் சரிசெய்துவிட்டுக் கிளம்புகிறபோது மூன்றாம் மாடி அம்மா, "அப்படியே இந்த மிக்ஸியையும் ஒரு பார்வை பாத்துடுங்களேன்" என்பார். பார்ப்பார். நாலாம் மாடிக்காரருக்கு ஜன்னல் கொக்கி, ஐந்தாம் மாடிக்காரருக்குப் பையனின் சைக்கிள். எல்லாம் பார்ப்பார். அவர் வீட்டில் துடுப்பு போடும் உடற்பயிற்சி மெஷின் ஒன்றும், யாரும் வாசிக்காத அகராதி நான்கும், ஒரே மாதிரி சுவர்க்கடிகாரம் மூன்றும் இருந்தன. வாசலுக்கு வந்து விற்றவர்கள் முகம் வாடிவிடக் கூடாதே என்று வாங்கியவை.

நாயும் அப்படி வந்ததுதான். ஒரு கட்டடத்து வாட்ச்மேன், "நல்ல ஜாதி சார், வச்சுக்குங்க" என்று ஒரு பழுப்புக் குட்டியை அவருடைய ஸ்பானர் பைக்குள் போட்டுவிட்டார். நல்ல ஜாதி என்பதற்கு ஒரே அடையாளம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்ததுதான்.

பையைத் திறந்து பார்த்த மனைவி, பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவர். வலியில் துடிக்கிற நாற்பது பேரை ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவர். அவருக்கு அந்த வார்த்தை நன்றாக வரும்.

"வேணாம்" என்றார். "என்னங்க, சொல்லிட்டேன், வேணாம். இது வேணவே வேணாம்."

ஒரு வாரம் இதையே சொன்னார். குட்டி செருப்பைக் கடித்தபோது சொன்னார், சோபாவில் ஏறியபோது சொன்னார், பால் கிண்ணத்தை வைக்கிறபோதும் சொன்னார். குட்டி அந்த ஒரு வாரமும் தீர யோசித்து, அதுதான் தன் பெயர் என்ற முடிவுக்கு வந்தது. எட்டாம் நாள் மனைவி மனம் இளகி, 'மின்னல்' என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போ, அப்போ வேணாம்" என்று அலுத்துக்கொண்டார். பாய்ந்து வந்து மடியில் ஏறியது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் எதையும் மறுக்க முடியாமல் போயிற்று. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டால் 'போதும்' என்பார்கள், 'அப்புறம்' என்பார்கள், தட்டை மறைப்பார்கள். அந்த வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டார்கள். வாய் தவறிச் சொன்னால் நாலு காலும் ஒரு வாலுமாகத் தட்டின் மேல் வந்து விழும்.

இப்போது மச்சினிக்குக் கல்யாணம். பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில் மாமனார் வீடு. எட்டு நாள் தங்க வேண்டும். மாமனாருக்கு நாய் முடி பட்டால் தும்மல் வரும். வந்தால் எண்ணி முப்பது. பெண்ணைத் தாரை வார்க்கிற நேரத்தில் தும்மிக்கொண்டிருக்க முடியாது என்று போனில் சொல்லிவிட்டார்.

"நல்ல இடமா பாத்து விடுங்க" என்றார் மனைவி. "அது ஒரு ராத்திரி நம்மள விட்டு இருந்ததில்ல. ஏதாவது ஆச்சுன்னா எனக்குத் தாங்காது, சொல்லிட்டேன்."

முதலில் பார்த்த இடம் ஒரு இரண்டு அறை வீடு. பதினாலு நாய்கள் இருந்தன. எல்லாம் கட்டில் மேல் சொகுசாகப் படுத்திருக்க, நடத்துகிறவர் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தார். "ஜூலையில எனக்கு மேல எடம் காலியாகும்" என்று நம்பிக்கையோடு சொன்னார். இரண்டாவது இடத்தில் நாயின் நலனை இருபத்துநாலு மணி நேரமும் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மாதிரிக்கு ஒரு வீடியோ காட்டினார்கள். வெள்ளை நாய் ஒன்று பந்தோடு விளையாடியது. "எங்களோடது பழுப்பாச்சே" என்றார் லிஃப்ட்காரர். "எல்லாருக்கும் இதே வீடியோதான் சார். ரொம்ப சந்தோஷமான நாய்" என்றார்கள்.

அப்புறம்தான் எல்லாரும் ஒரே குரலில் சொன்ன அந்த இடத்துக்குப் போனார். நகர உறைவாளர் நல மையம். நாலு மாடி, முன்னால் பூச்செடி, வாசலில் ஆள் உயரப் பலகை. பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது:

வளாகத்தினுள் நாய்களுக்கு அனுமதி இல்லை.

லிஃப்ட்காரர் ஒரு நிமிஷம் பலகையைப் பார்த்தார், கயிற்று முனையில் இருந்ததைப் பார்த்தார், திரும்பி நடந்தார். காவலாளி ஓடி வந்து மறித்தார்.

"எங்க சார் போறீங்க?"

"நாய்க்கு அனுமதி இல்லைன்னு போட்டிருக்கே."

"அது நாய்க்கு சார். உங்களோடது உறைவாளர். உள்ள போங்க. அந்த வார்த்தைய மட்டும் உள்ள சொல்லிடாதீங்க, சேர்க்கையே ரத்தாயிடும். நாய்னு இங்க ஒண்ணு கெடையாது."

உள்ளே சுவரில் ஒரு சொற்பட்டியல் மாட்டியிருந்தது. வளர்ப்பவர் 'உடன்வருநர்'. நடைக்குக் கூட்டிப்போவது 'வெளியுலகத் தொடர்பு'. குரைப்பது 'கருத்துத் தெரிவித்தல்'. கடிப்பது 'கடுமையான கருத்துத் தெரிவித்தல்'. லிஃப்ட்காரர் பட்டியலை இரண்டு தடவை படித்து மனப்பாடம் செய்துகொண்டார். பரீட்சை எழுதி இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது.

மேஜையில் பதிவாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, நன்றாகச் சீவிய பென்சில் மூன்று, ஒரு அடிக்கோல். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"உறைவாளர் பேரு?"

"வேணாம்."

"வேணாம்னா எப்படி சார்? கட்டம் காலியா விடக் கூடாது."

"இல்லங்க, பேரே வேணாம்தான்."

"பேரே வேணாம்னா நம்பர் போட்டுக்கலாம். ஆனா அதுக்கு நீலப் படிவம். இது மஞ்சள்."

"ஐயோ, நம்பர் வேணாங்க..."

பெயர் ஐந்தாம் தடவையாகக் காதில் விழுந்ததும் வேணாம் எழுந்து, மேஜை மேல் முன்னங்காலை வைத்து, பதிவாளர் அம்மாவின் பென்சிலை நக்கியது. அவர் பென்சிலையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். மெல்ல விளங்கியது.

"அதாவது, வேணாம்ங்கறது இவரோட பேரு."

"ஆமாங்க, அதேதான்!"

"அது கொச்சை சார்."

"என்னது?"

"கொச்சை. வாயால பேசலாம். பதிவேட்டுல எழுதக் கூடாது. இங்க எழுத்துத் தமிழ்தான்." முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். 'உறைவாளர்: வேண்டாம்.'

எங்கோ ஒரு திருகாணி லேசாகக் கழன்றது போல லிஃப்ட்காரருக்குத் தோன்றியது. ஆனாலும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"சரிங்க."

அடுத்து நேர்காணல். நீள மேஜைக்குப் பின்னால் தலைவரும் நடத்தை நிபுணரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் கோட்டில் ஒரு முடிகூட இல்லை. அந்தக் கட்டடத்திலேயே நாய் முடி இல்லாத கோட்டு அது ஒன்றுதான்.

"உறைவாளர் அஞ்சு வருஷம் கழிச்சு தன்னை எங்க பாக்கறாரு?" என்று கேட்டார் நிபுணர்.

லிஃப்ட்காரர் வேணாமைப் பார்த்தார். அது தன் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தது. "சோபாவுல, சார்" என்றார்.

நிபுணர் குறித்துக்கொண்டார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார். கேட்பவர் ஒருவரே ஆனாலும் எழுந்து நின்று பேசுவதுதான் அவர் வழக்கம்.

"இருபத்திரெண்டு வருஷமா இந்த மையம் உறைவாளர்களுக்காகவே உயிர் வாழுது. நான் இந்த நாற்காலிக்கு வந்து எட்டு வருஷம். இந்த எட்டு வருஷத்துல ஒரு உறைவாளரைக்கூட நான் தொட்டதில்ல. ஏன்? தொட்டா ஒருத்தர் மேல பாசம் வந்துடும். பாசம் வந்தா பாரபட்சம் வந்துடும். நான் யாரையும் நேர்ல பாக்கறதுகூட இல்ல. கோப்பைத்தான் பாக்கறேன். ஒவ்வொருத்தருக்கும் ஏழு கோப்பு. போன மாசம் ஒரு உறைவாளர் காணாம போயிட்டாரு. தெரியுமா? ஆனா அவரோட கோப்பு? ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம்கூட காணாம போகல!"

நிபுணர் கைதட்டினார். லிஃப்ட்காரரும் தட்டினார். தட்டிவிட்டு, காணாமல் போனவர் கிடைத்தாரா என்று கேட்க நினைத்தார். அதற்குள் நிபுணர் எழுந்து, அடுத்த கட்டம் அனுபவப் பகிர்வு என்று சொல்லி அவரை மூன்றாம் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அனுபவப் பகிர்வு என்றால், உறைவாளர் தங்கப்போகிற கூண்டில் உடன்வருநர் முதலில் மூன்று மணி நேரம் தங்கிக் காட்ட வேண்டும். உள்ளே ஒரு மெத்தை, ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒரு ரப்பர் பந்து. கதவைச் சாத்தினார்கள். லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். மிக்ஸி இல்லை, சைக்கிள் இல்லை, ஜன்னல் கொக்கி இல்லை. யாரும் எதையும் பார்க்கச் சொல்லவில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தூக்கம் அவர் தூங்கியதில்லை. எழுந்தபோது கையில் பந்து இருந்தது.

வெளியே நிபுணரின் குறிப்பு ஒட்டியிருந்தது. 'உடன்வருநர் கருத்துத் தெரிவிக்கவில்லை. சாது. உறைவாளரைவிட இவரைச் சேர்த்துக்கொள்வது எளிது.'

ஒருவழியாகச் சேர்க்கை கிடைத்தது. மஞ்சள் படிவத்தில் பதினோரு இடத்தில் கையெழுத்து. ஒவ்வொரு கையெழுத்துக்கும் மேலே ஒரே வரி: 'உறைவாளர்: வேண்டாம். உடன்வருநர் ஒப்புதல்: உண்டு.' போட்டுவிட்டுத் திரும்பியபோது வேணாம் படிக்கட்டின் முதல் படியில் நின்று, நிமிர்ந்த காதையும் மடித்துக்கொண்டு அவரைப் பார்த்தது. லிஃப்ட்காரர் தெருவுக்கு வந்து ஒரு தூணுக்குப் பின்னால் நின்று கொஞ்சம் அழுதார், அப்புறம் பஸ் ஏறினார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். லிஃப்ட்காரர் மாமனார் வீட்டில் பந்தலுக்கு விளக்கு கட்டிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, அப்படியே இதையும் கொஞ்சம் பாத்துடுங்களேன்" என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். மனைவி போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இதப் படிங்க."

'அன்புடையீர், தங்கள் உறைவாளர் வேண்டாம் என்று தாங்கள் பதினோரு இடங்களில் ஒப்பமிட்டு உறுதி செய்துள்ளதை வருடாந்திரக் கோப்பு ஆய்வில் கண்டோம். அதன்படி அவர் மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றப்பட்டு, நாளை காலை பதினோரு மணிக்கு ஒரு புதிய குடும்பத்திடம் ஒப்படைக்கப்படுகிறார். தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.'

லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏணியிலிருந்தபடியே மையத்துக்குப் போன் போட்டார். தலைவரே எடுத்தார்.

"சார், நான் வேணாம்னு சொல்லவே இல்ல! அது பேரு சார்!"

"பேரு வேணாம்னும் சொல்லியிருக்கீங்க. அதுவும் பதிவாயிருக்கு."

"ஐயோ, வேணாம் வேணும் சார் எனக்கு!"

அந்தப் பக்கம் கோப்பைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "நீங்க கொஞ்சம் குழப்பத்துல இருக்கீங்க" என்று ஆறுதலாகச் சொன்னார் தலைவர். "பிரிவுன்னா அப்படித்தான் இருக்கும். விழாவுக்கு வாங்க. முன்னாள் உடன்வருநருக்குன்னு பின் வரிசையில ஒரு நாற்காலி போடுவோம்."

மனைவி போனைப் பிடுங்கித் துண்டித்தார். "அநியாயமா இருக்கே! வாழ்நாள்ல இந்த மனுஷன் யாருக்காவது வேணாம்னு சொல்லியிருப்பாரா? நான் சாட்சி சொல்றேன்! வீட்டுல மூணு கடிகாரம் சாட்சி சொல்லும்!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னங்க, காலையில மொத பஸ்ஸப் பிடிங்க. கல்யாணம் சாயங்காலம் ஆறு மணிக்கு. அதுக்குள்ள அதோட வந்து சேருங்க. அப்பா தும்மினா தும்மிட்டுப் போகட்டும். அது இல்லாம வந்தீங்க, நான் போட்டோவுக்கு நிக்க மாட்டேன்."

மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு, கல்யாணத்துக்குத் தைத்த புதுக் கோட்டோடு லிஃப்ட்காரர் மையத்துக்குள் ஓடினார். தரைத்தளக் கூடத்தில் விழா ஆரம்பமாகியிருந்தது. முன்வரிசையில் புதிய குடும்பம்: ஒரு கண்ணாடிக் கடைக்காரரும் அவர் மனைவியும். பாவம், நல்ல மனிதர்கள். கடைக்கு ஒரு காவல் வேண்டும் என்று வந்தவர்கள். வேணாமை மூன்றாம் மாடியில், கழுத்தில் ரிப்பன் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

"தப்பு நடந்துடுச்சு சார்!" என்று கத்தினார் லிஃப்ட்காரர்.

தலைவர் புன்னகை செய்தார். "இந்த மையத்துல தப்பு நடக்க வாய்ப்பே இல்ல. அப்படியே நடந்தாலும் அதை ஒத்துக்கறதுக்குன்னு ஒரு சிவப்புப் படிவம் அச்சடிச்சு வச்சிருக்கோம். ஆயிரம் பிரதி. இருபத்திரெண்டு வருஷத்துல ஒண்ணுகூட செலவாகல. இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

"அது என்னோடது சார். என்னைப் பாத்தா தெரிஞ்சுக்கும். ஒரு தடவ கூப்பிட விடுங்க!"

பதிவாளர் அம்மா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "இருக்கு ஐயா. அடையாள உறுதி. இருந்த எடத்துல இருந்தே மூணு தடவ கூப்பிடலாம். உறைவாளர் வந்தா உடன்வருநர்னு அர்த்தம்."

"தாராளமா" என்றார் தலைவர். "ஆனா நீங்க சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகும். யோசிச்சுக் கூப்பிடுங்க."

லிஃப்ட்காரர் யோசித்தார். யோசிக்க யோசிக்க வியர்த்தது. அந்த வார்த்தையைச் சொன்னால் அது வரும். ஆனால் ஊரைக் கூட்டி நாயை மறுத்ததாகப் பதிவாகும். வேணும் என்று சொன்னால் பதிவு சரியாக இருக்கும்; ஆனால் அது வராது. 'வேணும்' என்ற வார்த்தையை அது கேட்டதே இல்லை, அந்த வீட்டில் யாரும் அதனிடம் சொன்னதில்லை. இதை நினைத்ததும் அவருக்கு அழுகை முட்டியது.

"வேணும்!" என்று கூப்பிட்டுப் பார்த்தார்.

மேலே ஒரு சத்தமும் இல்லை.

"ஒண்ணு" என்றார் பதிவாளர் அம்மா.

"டேய்... கண்ணு... வாடா தங்கம்!"

மூன்றாம் மாடியிலிருந்து ஏழெட்டு உறைவாளர்கள் ஒரே நேரத்தில் கருத்துத் தெரிவித்தார்கள். எல்லார் வீட்டிலும் கண்ணும் தங்கமும்தான் போல. வேணாம் மட்டும் வரவில்லை.

"ரெண்டு."

கடிகாரம் பதினொன்றைத் தொட்டது. கண்ணாடிக் கடைக்காரர் பேனா மூடியைத் திறந்தார். லிஃப்ட்காரர் படிக்கட்டின் அடியில் போய் நின்றார், இரண்டு கையையும் வாயருகே குவித்தார். பத்து மாடிக்குக் கேட்கிற அந்தத் தொண்டையைத் திறந்து, பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்தது அத்தனையையும் ஒரே மூச்சில் விட்டார்.

"வேணாஆஆஆம்!"

கட்டடம் அப்படியே நின்றது. ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரிக்கோலைக் கீழே போட்டார். சமையலறையில் கரண்டியோடு குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். யாருக்கோ ஊசி போடவிருந்த நடத்தை நிபுணர் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டார். அந்த அமைதியில் மேலே ஏதோ உருளுகிற சத்தம் கேட்டது. வேணாம் வந்துகொண்டிருந்தது. அதைக் கட்டி வைத்திருந்த நாற்காலியும் கூடவே வந்துகொண்டிருந்தது. நாற்காலி மேல் வைத்திருந்த ஏழு கோப்பும் பின்னால் படிக்குப் படி பறந்து வந்தன. வேணாம் ஒரே பாய்ச்சலில் லிஃப்ட்காரர் மேல் விழுந்து, முகம், கழுத்து, புதுக் கோட்டு என்று பாரபட்சமில்லாமல் நக்கித் தீர்த்தது. அவர் தரையில் உட்கார்ந்தபடி அதைக் கட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார்.

தலைவர் அசரவில்லை. "வந்துட்டாரு. ஆக, நீங்கதான் உண்மையான உடன்வருநர். நிரூபணம் ஆயிடுச்சு. அந்த உண்மையான உடன்வருநரே எல்லார் முன்னாடியும் வேணாம்னு சொல்லிட்டீங்க. ஆக, மறுப்பு முன்னைவிட இப்போ ரொம்ப பலமா செல்லும். அம்மா, அவங்க படிவத்தக் கொண்டாங்க."

பதிவாளர் அம்மா கண்ணாடிக் கடைக்காரரின் படிவத்தை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"ஐயா, இவங்களும் வேண்டாம்னுதான் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"என்ன?"

"கோரும் உறைவாளர்: வேண்டாம். பதினோரு எடத்துல."

"அது பேரு, அம்மா!"

"அது பேருன்னா, அவரோட படிவத்துலயும் பேருதான் ஐயா. அப்போ நம்ம தப்பு. சிவப்புப் படிவம் எடுக்கணும்." பதிவாளர் அம்மாவின் குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "மறுப்புன்னா, ரெண்டு பேரோடதும் மறுப்பு. ஒரே வார்த்தைக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைக்கறதுக்கு விதி இல்ல."

தலைவர் சிவப்புப் படிவக் கட்டைப் பார்த்தார். ஆயிரம் பிரதி, கட்டின நூல்கூட அவிழாமல் அலமாரியில் இருந்தது. அதில் ஒன்று குறைந்து தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆவதை அவரால் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியவில்லை.

"மறுப்பு" என்றார். "ரெண்டும் மறுப்பு."

"அப்போ விதி முப்பத்தொண்ணு. யாருக்கும் வேண்டாதவர் உறைவாளர் ஆகார்." பதிவாளர் அம்மா அடிக்கோலை வைத்து, பதிவேட்டில் ஒரு நேர்க்கோடு கிழித்தார். "பேர் அடிச்சாச்சு ஐயா."

"அடிச்சாச்சுன்னா? இவரு இப்போ யாரு?"

யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் குனிந்து வேணாமைப் பார்த்தார்கள். நிபுணர்கூடப் பார்த்தார். கடைசியில் வாசலிலிருந்து வந்த காவலாளிதான் வாயைத் திறந்தார்.

"நாய் சார்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கூடத்தில் முதல் தடவையாக ஒலித்த வார்த்தை. ஒரு பெண் ஊழியர் காதைப் பொத்திக்கொண்டார். சொன்ன பிறகுதான் காவலாளிக்கே தன் கடமை ஞாபகம் வந்தது. விறைப்பாக நிமிர்ந்தார்.

"வளாகத்துக்குள்ள நாய்க்கு அனுமதி இல்ல! யாரோட நாய் இது?"

"என்னோடதுங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"பலகையப் படிக்கத் தெரியாதா? மொதல்ல வெளிய கொண்டு போங்க!"

"சரிங்க" என்றார் லிஃப்ட்காரர். ஆயுசு முழுக்கச் சொல்லிவந்த வார்த்தைதான். அவ்வளவு சந்தோஷமாக அதை அவர் சொன்னது அன்றுதான்.

நாற்காலியை அவிழ்த்துக் கண்ணாடிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, கடைக்காரரின் மனைவி வேணாமின் தலையைத் தடவிவிடும்வரை நின்று, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பியபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பதிவாளர் அம்மா ஒரு பச்சைப் படிவத்தோடு ஓடி வந்தார்.

"சார், ஒரே ஒரு கேள்வி பாக்கி. எங்கள் சேவை தங்களுக்கு மீண்டும் தேவையா? கட்டம் காலியா விடக் கூடாது."

லிஃப்ட்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். நல்ல முகம்தான். வாடிவிடுமோ என்று ஒரு கணம் பழைய பயம் வந்தது. தன் புதுக் கோட்டில் பொத்தான் இல்லை, தோளில் நகக்கீறல், நெற்றியெல்லாம் எச்சில். மூச்சை இழுத்துக்கொண்டு, கத்தாமல், ஒரு மனிதருடைய முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்.

"வேணாம்."

அது உடனே துள்ளி எழுந்து அவர் கையை நக்கியது. பதிவாளர் அம்மா எழுதப்போன பென்சிலை நிறுத்தினார்.

"சார், நான் பேரக் கேக்கல. பதிலக் கேட்டேன்."

"ரெண்டும் அதுதாங்க" என்று சொல்லிவிட்டு, லிஃப்ட்காரர் நாயோடு ஓடிப்போய் பஸ் ஏறினார்.